போர்ட் சயீது ரயில்: ‘திறந்த கதவு’ படத்தின் முடிவு

பெண் படித்துவிட்டால் விடுதலை தானே வந்து சேரும் என்னும் நம்பிக்கையை, ஹென்றி பரகாத் இயக்கி 1963இல் வெளிவந்த ‘திறந்த கதவு’ என்ற எகிப்தியப் படம் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. கதைத்தலைவி லைலா, பள்ளி மாணவியாக இருக்கையில் ஆங்கிலேய ஆதிக்கத்துக்கு எதிரான ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகத் தந்தையிடம் அடிபடுகிறாள். பின்னர் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயிலும்போது அவளை அடக்கியாள முற்படுபவரோ, அவளுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியர் ஃபுஆதே. அவள் எதிர்த்துப் பேசாதவள் என்பதே அவர் அவளை மணக்க விரும்புவதற்குக் காரணம். அடக்குமுறையின் பழியை எழுத்தறியாத பழமைவாதியின் தலையில் கட்டாமல், நவீனக் கல்வியின் பிரதிநிதியிடமே அதைக் காட்டியிருப்பது அக்காலத்துக்குச் சிறிய துணிச்சலன்று.

எகிப்திய அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதை அடுத்து பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தின்மீது தொடுத்த 1956ஆம் ஆண்டுப் போரே முடிவுக்குக் களமாகிறது. தந்தையோடும் ஃபுஆதோடும் ரயில் நிலையத்துக்கு வரும் லைலா, போர்முனையான போர்ட் சயீதுக்குப் புறப்படும் ரயிலில் தன்னை நேசிக்கும் ஹுசைன் இருப்பதைக் கண்டு, அவர்களை உதறிவிட்டு நடைமேடையில் ஓடுகிறாள். படம் நெடுகத் தயங்கித் தலைகுனிந்தே நடந்த, லைலாவாக நடிக்கும் ஃபாத்தின் ஹமாமாவின் உடல், இங்கே முதன்முறையாக எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் இயங்குகிறது. வசனத்தால் சொல்லியிருந்தால் மேடைப்பேச்சாகிவிடக்கூடியதை அந்த ஓட்டமே சொல்லி முடித்துவிடுகிறது.

எனினும், 1946ஆம் ஆண்டு மாணவர் போராட்டத்தின் முன்னணியில் நின்ற லத்தீஃபா அல்-ஸய்யாத் 1960இல் வெளியிட்ட மூலநாவல் இவ்வாறு முடிவதில்லை. அதில் லைலா ஆசிரியையாகப் பணியேற்றுப் போர்ட் சயீதுக்குச் செல்கிறாள், குண்டுவீச்சை அங்கேயே எதிர்கொள்கிறாள், கால்வாயை வெட்டுவித்த தெ லெசெப்ஸின் சிலையை மக்கள் தகர்க்கும் வேளையில் நிச்சயதார்த்த மோதிரத்தை வீசியெறிகிறாள். திரைக்கதை இவ்வளவையும் ஒரு ரயிலுக்குள் அடக்கியதில் காலச்சிக்கனம் உண்டு. ஆனால் பறிபோனது அவளுடைய வேலை. பெற்ற பட்டத்துக்கு முடிவில் எந்தப் பயனும் இல்லாமற்போய், அவள் ஓடுவது நாட்டை நோக்கியா, ஹுசைனை நோக்கியா என்ற ஐயம் எஞ்சுகிறது. ஹுசைன் வேடத்தில் தோன்றியவர் அல்-அஹ்லி அணியின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் சாலிஹ் சலீம் என்பதால், பார்வையாளர் எந்தப் பக்கம் சாய்வர் என்பது முன்னரே முடிவாகிவிட்டது என்றும் சொல்லலாம்.

இதனினும் ஆழமான குறை வேறொன்று. தந்தையை மீறுவதற்கான உரிமை இங்கே பெண்ணுக்கு இயல்பாக உரியதாக அன்றி, நாட்டின் ஆபத்துக்காலத் தேவையால் கிடைத்த சலுகையாகத் தோன்றுகிறது. நாசரின் ஆட்சியும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொண்டது: 1956ஆம் ஆண்டு அரசியலமைப்பு பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது, கல்வியும் அரசுப்பணியும் பெருகின, திருமணத்தையும் மணவிலக்கையும் ஆளும் 1920, 1929ஆம் ஆண்டுச் சட்டங்களோ பெரும்பாலும் தொடப்படாமலே நீடித்தன. ரயிலேறிய லைலா ஹுசைனை மணந்திருந்தாலும், அந்த மணமும் அதே சட்டங்களின் கீழ்தான் பதிவாகியிருக்கும்.