நாட்குறிப்பும் புனைவும்: பவலின் கொலராடோ ஆற்றுப் பயண நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

பயண இலக்கியத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரு அளவுகோல்களைக் கையாளுகின்றனர். ஒன்று, நூல் தரும் செய்திகளின் நம்பகத்தன்மை. மற்றொன்று, அவற்றைச் சொல்லும் திறன். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் நூலை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவை எழுப்புவதற்கு ஜான் வெஸ்லி பவல் எழுதி, 1875-இல் அமெரிக்க அரசு வெளியீடாக வந்த கொலராடோ ஆற்று ஆய்வு நூலைவிடப் பொருத்தமானது அரிது.

பவல் நிலவியல் பேராசிரியர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-ஆம் ஆண்டு சைலோ களத்தில் வலக்கையை இழந்தவர். 1869 மே 24 அன்று வயோமிங் பகுதியிலுள்ள கிரீன் ரிவர் நிலையத்திலிருந்து அவருடன் சேர்த்துப் பத்துப் பேர் நான்கு மரப்படகுகளில் புறப்பட்டனர். இன்று இத்தகைய ஆறுகளில் செல்வோர் காற்றடைத்த ரப்பர் மிதவைகளில் செல்கின்றனர். அன்றைய துடுப்பாளர்களோ ஓடும் திசைக்கு முதுகுகாட்டி அமர்ந்து வலித்தனர். பாறைகளிடையே நுரைத்துப் பாயும் விரைவோட்டங்களை அவர்கள் நேராகக் காணவும் இயலவில்லை. ஜூன் மாதத்தில் லோடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு நொறுங்கியது. ஜூலையில் ஒருவர் விலகினார். பத்து மாதத்திற்கெனக் கொண்டுசென்ற உணவில் ஆகஸ்டு நடுப்பகுதியில் எஞ்சியது பூசணம் பிடித்த மாவும், உலர்ந்த ஆப்பிள் சிறிதும், காப்பியுமே. ஆகஸ்டு 28 அன்று மூவர் பிரிந்து பாறைச்சுவரேறிச் சென்றனர். எஞ்சிய அறுவரும் மறுநாளே பள்ளத்தாக்கின் முடிவைக் கண்டனர். 30-ஆம் நாள் வர்ஜின் ஆறு கலக்கும் இடத்தை அடைந்தனர்.

இந்நிகழ்ச்சிகளைப் பவல் நாட்குறிப்பு வடிவில், பெரும்பாலும் நிகழ்கால வினைமுற்றுகளால் சொல்லிச் செல்கிறார். அடுத்த வளைவில் என்ன உள்ளது என்பதை எழுதுபவரே அறியாத நிலை அவ்வடிவால் தோன்றுகிறது. நூலின் ஆற்றல் இதில்தான் உள்ளது. ஆனால் இந்நிகழ்காலம் ஆறு ஆண்டுகளுக்குப் பின் அமைக்கப்பட்ட நிகழ்காலம். பவல் 1871-72-இல் வேறொரு குழுவுடன் இரண்டாம் முறையும் இவ்வாற்றில் இறங்கினார். நூலின் தலைப்புப் பக்கம் 1869 முதல் 1872 வரையிலான நான்கு ஆண்டுகளையும் குறிக்கின்றது. உள்ளே ஆற்றுப் பயணமாக விரிவது 1869 ஒன்றே. இரண்டாம் பயணத்தில் கிடைத்த செய்திகள் முதற்பயணத்தின் நாட்களுக்குள் இட்டு நிரப்பப்பட்டுள்ளன. ஓவியர் தாமஸ் மோரனோ அப்பகுதிக்கு முதன்முதலாக வந்ததே 1873-இல்தான்; அவர் வரைந்த காட்சிகளும் இக்கதைக்கு அணி செய்கின்றன.

இதற்குச் சிறந்த சான்று நூலில் புகழ்பெற்ற ஒரு காட்சி. செங்குத்துப் பாறையில் ஏறிய பவல், மேலும் ஏறவும் கீழிறங்கவும் இயலாமல் ஒரே கையால் தொங்குகிறார். மேலே நின்ற ஜார்ஜ் பிராட்லி தம் உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிட, அதனைப் பற்றிக்கொண்டு தப்புகிறார். நூல் இதனை ஜூன் 18-ஆம் நாளுக்குரியதாகக் கூறுகின்றது. பிராட்லி பிறர் அறியாமல் எழுதிவந்து, 1947-இல் அச்சேறிய நாட்குறிப்போ ஜூலை 8 என்கிறது; இடமும் வேறு. பிராட்லி அதனைச் சில வரிகளில் முடித்துவிட, பவல் அதனை ஓர் உச்சக்கட்டமாக வளர்க்கிறார்.

இவ்விடமாற்றத்தைப் பெருங்குற்றமாகக் கொள்ளவேண்டியதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பயண நூலாசிரியர் எவரும் நிகழ்ச்சிகளைத் தெரிந்தெடுத்துக் கோக்கவே செய்கிறார். ஆயினும் நாளும் திங்களும் இட்டு எழுதும்போது வாசகனுக்கு ஓர் உறுதிமொழி அளிக்கப்படுகின்றது. அவ்வளவில் பவல் அதனை மீறியவரே.

இதனினும் கடுமையானது மற்றொன்று. இரண்டாம் பயணத்தில் துடுப்பு வலித்தோர், அளவை செய்தோர் ஆகியோரின் உழைப்பு ஆற்றுப் பயணக் கதையில் கரைந்து, பெயரின்றிப் போயிற்று. அக்குழுவில் பதினேழு அகவையில் சேர்ந்த பிரெடரிக் டெல்லன்பா 1908-இல் தனி நூல் எழுதித்தான் அக்குறையைப் போக்க வேண்டியிருந்தது. நாட்களை இடம் மாற்றுவது கலை சார்ந்தது. மனிதரை விலக்குவது அறம் சார்ந்தது. திறனாய்வு இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது.

இனி, பிரிந்து சென்ற மூவர்: ஓரமெல் ஹாவ்லண்ட், அவர் தம்பி செனெகா, வில்லியம் டன். நூலில் இப்பகுதியே மிகச் சிறந்தது எனலாம். பவல் அவர்களைக் கோழையர் என்று கூறவில்லை. மற்றவர்தாம் ஆபத்தான வழியில் செல்கிறார் என்று இரு சாராரும் எண்ணியதாக எழுதுகிறார். இச்சமன்பாடு அவர் நடையின் உச்சம். எனினும் குழுத்தலைவரோடு எழுந்த பிணக்கும் ஒரு காரணம் என்று ஜாக் சம்னரும் சமையற்காரர் ஹாக்கின்ஸும் கூறியவை 1932-இல் வெளியாயின. அவை களத்தில் எழுதியவை அல்ல, பல்லாண்டு கழிந்த முதுமை நினைவுகள் என்பதையும் மறத்தலாகாது.

மூவரும் மீளவில்லை. 1870-இல் பவல் ஷிவ்விட்ஸ் பழங்குடியினரைச் சந்தித்தபோது, வேறு குற்றவாளிகள் எனத் தவறாகக் கருதிக் கொன்றுவிட்டதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர் என்பது நூல் தரும் செய்தி. அக்கூற்று ஜேக்கப் ஹாம்ப்ளின் என்னும் மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்தது. இதனைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஐயுற்றுள்ளனர். பழங்குடியினரின் பேச்சு நூலில் தங்குதடையற்ற சொற்பொழிவாக அமைந்திருப்பதே வாசகரை எச்சரிக்கப் போதுமானது.

நூல் காட்டிய பரிவை நினைவுச்சின்னம் காட்டவில்லை. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் 1918-இல் திறந்துவைக்கப்பட்ட பவல் நினைவுச்சின்னத்தில் இம்மூவர் பெயரும் விடப்பட்டது. அவர்கள் விலகியவர்கள் என்பதே காரணம். தம் குழுவினரின் பெயருக்காக வாதாடிய டெல்லன்பாவே இவர்கள் பெயரைச் சேர்ப்பதை எதிர்த்தார் என்பது வியப்பிற்குரியது. 1939-இல்தான் பிரிவு நிகழ்ந்த இடத்தில் அவர்களுக்கெனத் தனிப் பட்டயம் பதிக்கப்பட்டது. அதற்குள் அந்த விரைவோட்டம் ஹூவர் அணையால் உருவான மீட் ஏரியில் மூழ்கிவிட்டிருந்தது.

பயண இலக்கியத்தை மேல்நிலை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்நூலை முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆகஸ்டு 27, 28 ஆகிய இரு நாட்களுக்குரிய பவலின் பக்கங்களையும், பிராட்லி, சம்னர் ஆகியோர் களத்தில் எழுதிய குறிப்புகளையும் மொழிபெயர்த்து அருகருகே வைத்தால், மாணவர்களுக்கு ஒரு பருவத்திற்குரிய வேலை அதிலேயே உள்ளது.