பன்னிரண்டும் எட்டும் நூற்றிருபத்தெட்டு

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நெல் மூட்டைகளைக் கூட்டிச் சொல்ல, ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கிய மாணவி ஒருத்தி ஒரு வலைப்பக்கம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டிகள், ஒரு பொத்தான். ஒன்றில் 12, மற்றதில் 8. அழுத்தினால் 128 என்று வருகிறது.

பெட்டியில் தட்டியது எண்தான். ஆனால் நிரலுக்கு அது எழுத்துச் சரமாகவே போய்ச் சேர்கிறது. சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி நின்றால் ஒட்டும் வேலைதான் நடக்கும். கழித்தல் குறி போட்டிருந்தாலோ சரியாக 4 வந்திருக்கும். சரத்தைக் கழிக்க வழியில்லாததால் மொழி தானாகவே அதை எண்ணாக்கிக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் பிழைச்செய்தி கிடையாது.

இந்தத் தாராளம் பிறவிக்குணம். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். முழுநேர நிரலாளர் அல்லாதவரும் கையாள வேண்டும் என்பதே நோக்கம். அது பலித்தது. எதையும் நிறுவ வேண்டாம். ஒரு பிரவுசர் போதும். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பொறியியல் கல்லூரியில் சேரும், வீட்டின் முதல் பட்டதாரிக்கு இதைவிட அகலமான வாசல் வேறில்லை.

பழைய பக்கங்கள் உடையக் கூடாது என்பது இம்மொழியின் இன்னொரு நல்ல குணம். அதற்கும் விலை உண்டு. ‘நல்’ என்ற வெறுமையின் வகையைக் கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்று சொல்லும் ஆரம்ப காலப் பிழை இன்றும் திருத்தப்படவில்லை. மாறிகளை அறிவிக்க 2015-இல் ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ என்ற சொற்கள் வந்த பின்னும், வரம்பு மீறிக் கசியும் பழைய ‘வார்’ ஓய்வு பெறவில்லை.

நேரம் பற்றிய கருத்துதான் பலரையும் தடுமாற வைக்கிறது. ஒரு வேலையைத் தள்ளிப்போடும் ‘செட்டைம்அவுட்’டுக்குக் காத்திருப்பு நேரமாகச் சுழியம் கொடுத்தாலும் அந்த வேலை உடனே நடக்காது. ஒரே பிளாட்பாரம் உள்ள ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள்: நிற்கும் வண்டி கிளம்பும்வரை அடுத்த வண்டி அவுட்டரில்தான். ஓடும் நிரல் முடிந்தால்தான் காத்திருப்பதற்கு முறை வரும்.

இவற்றை இலக்கணமாக மனப்பாடம் செய்வது ஒரு குறை; அடிப்படையைத் தாண்டி நேரே ‘ரியாக்ட்’ என்ற நிரல் நூலகத்துக்குத் தாவுவது இன்னொரு குறை. வானூர் அருகே திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்தாயிற்று. வேலை பக்கத்தில் வந்துவிட்டதென்று அவசரப்படத் தோன்றும். ஆனால் பிழையைச் சுட்டிக்காட்டாத மொழியைப் பிழையிலிருந்துதான் கற்பிக்க வேண்டும். அந்த 128 ஒரு வகுப்பு நேரம் முழுக்கக் கரும்பலகையில் இருக்கட்டும்.

‘நம்பர்’ என்று போட்டு எண்ணாக்கினால் 20 வந்துவிடும். பாடம் அங்கே முடிவதில்லை. பெட்டியைக் காலியாக விட்டாலும் ‘நம்பர்’ அதைச் சுழியமாக்கிவிடும். மூட்டையே வரவில்லையா, எழுதுகிறவர் மறந்துவிட்டாரா? அதை மொழி கேட்காது. மாணவிதான் கேட்க வேண்டும்.