ஆத்திமாலையும் அடைத்த வாயிலும்

நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்த வேளையில் கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 45ஆம் பாடலைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். பனம்பூவும் வேப்பம்பூவும் அன்றி, இருவர் சூடியதும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது சோழர்குடியே என்று புலவர் இடித்துரைக்கிறார். நியாயம் எவர் பக்கம் என்று அவர் ஆராயவில்லை. அந்த நடுவுநிலையையே பலரும் போற்றுவர்.

ஆயினும், 44ஆம் பாடலை விடுத்து இதனைத் தனியே பயில்வது குறையுடைய பயிற்சியாகும். அது ஆவூரில் அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கியது. அங்கே குடிப்பெருமை பேசப்படவில்லை. கவளம் பெறாத யானை, பாலின்றி அலறும் குழந்தை, பூவற்ற கூந்தலை வெறிதே முடிக்கும் மகளிர், நீரின்றி வருந்தும் இல்லங்கள் ஆகியன காட்டப்படுகின்றன. இத்தனைக்கும் நடுவே நீ இனிதிருத்தல் தகாது என்பதே குற்றச்சாட்டு.

ஈப்போ சிலிபின் வட்டார மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வடக்கே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1955 முதல் ம.இ.கா.வின் தலைவராக விளங்கினார். துணைத் தலைவர் மாணிக்கவாசகத்துக்கும் அவருக்கும் 1970களின் தொடக்கத்தில் மூண்ட தலைமைப் பூசல், பிரதமர் துன் ரசாக் தலையிட்டு, 1973இல் சம்பந்தன் விலகிய பின்னரே அடங்கிற்று. இப்பூசலைச் சமுதாயத்துக்கு நேர்ந்த தலைகுனிவு என்று கூறுவது 45ஆம் பாடலின் வாதமே. பிறர் நகைப்பர் என்னும் கவலை அதில் உண்டு. அடைத்த வாயிலுக்குள் அழுதவர் எவர் என்னும் கேள்வி அதில் இல்லை.

1969க்குப் பின் வேலை அனுமதி நெருக்கடியால், குடியுரிமையற்ற தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். புதிய பொருளாதாரக் கொள்கை 1971இல் தொடங்கிற்று. தலைவர்கள் தத்தம் ஆதரவாளரை எண்ணிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

இருவரும் பணி செய்யாதவர் அல்லர். தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டவர் சம்பந்தன். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகத் தந்த பணத்தில் அது வளர்ந்தது. மாணிக்கவாசகம் தலைமையில் நேசா கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பால்மரம் வெட்டியவரின் கூலியே இரண்டுக்கும் முதல். தலைவர் மாறினும் சந்தா கட்டிய கை மாறவில்லை. 44ஆம் பாடலைக் கற்றவர்க்கே இது புலப்படும்.

சம்பந்தனும் மாணிக்கவாசகமும் 1979இல், ஐந்து திங்கள் இடைவெளியில் மறைந்தனர். நெடுங்கிள்ளி காரியாற்றில் மாண்டான் என்பதை ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடைமொழி அறிவிக்கிறது. ஆவூர் மக்கள் என்ன ஆயினர் என்பதை அடைமொழி எதுவும் அறிவிக்கவில்லை.