முறையின் வைப்பு

நல்ல கட்டுரை ஒன்றைப் படித்து முடித்ததும் நாம் முதலில் பாராட்டுவது அதன் நடையை. அடுத்தபடியாக அதில் உள்ள செய்தியை. மூன்றாவதாக ஓர் அழகு இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எதை முன்னே சொல்வது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்கிற வரிசை அழகு அது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு உரிய பத்து அழகுகளைப் பட்டியலிடும்போது இதையும் மறக்காமல் சேர்த்திருக்கிறது. ‘முறையின் வைப்பு’ என்று அதற்குப் பெயர்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை; நடுவே நான்கைந்து உட்தலைப்புகள். பொங்கல் திருநாளுக்கும் அதே சட்டகம், மழைநீர் சேமிப்புக்கும் அதே சட்டகம். எழுதப் பழகும் பிள்ளைக்கு அது நல்ல கைப்பிடி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வதற்கும், ஓர் இயந்திரம் ஓடும் விதத்தை விளக்குவதற்கும், ஒரு வழக்கை வாதாடி வெல்வதற்கும் ஒரே அமைப்பு எப்படிப் பொருந்தும்? பொருள் மாறினால் வரிசையும் மாற வேண்டும். தேர்ந்த கட்டுரையாளர்கள் எல்லோரும் இதை அறிந்தவர்கள்.

இந்த வேறுபாட்டை இனம் காணவும் நன்னூலே ஒரு வழி காட்டுகிறது. சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து நிற்கும் நிலைகளை அது நான்காகப் பிரிக்கிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. இலக்கண நூலுக்குச் சொன்னதுதான். கட்டுரைகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. உலகத்துக் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த நான்கில் ஒன்றுக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது.

ஆற்றொழுக்கு என்பது இடையறாத ஓட்டம். ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது பிறக்கும். உ.வே. சாமிநாதையரின் கட்டுரைகள் இந்த வகைக்குத் தலைசிறந்த சான்று. ‘இடையன் எறிந்த மரம்’ என்ற கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டில் வரும் ஒரு தொடருக்குப் பொருள் விளங்கவில்லை. ஆடு மேய்ப்பவர்கள் கிளையை முற்றிலும் அறுபடாமல் வெட்டிச் சாய்க்கும் வழக்கத்தை அது குறிக்கிறது என்பது, ஏட்டில் தேடிக் கிடைக்காமல், பாமர மக்களின் பேச்சு வழியே தெரியவருகிறது. அகராதி எழுதுபவர் இந்தப் பொருளை முதல் வரியிலேயே தந்துவிடுவார். ஐயர் தரவில்லை. தாம் திகைத்த காலத்தை நாமும் அவரோடு சேர்ந்து கடக்கும்படி வைக்கிறார். விடை வரும்போது அது நாமே கண்டுபிடித்ததுபோல் இனிக்கிறது. காலத்தின் வரிசையை அப்படியே கட்டுரையின் வரிசையாக்குவது எளிய காரியம் என்று தோன்றும். எதை விட்டுவிட்டு ஓடுவது என்று தெரிந்தவருக்குத்தான் அது எளிது.

விளக்கக் கட்டுரையிலும் இந்த ஓட்டம் உண்டு. அங்கே காலத்தின் இடத்தில் காரணம் வந்து நிற்கும். மைக்கேல் ஃபாரடே லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு நிகழ்த்திய ஆறு உரைகள் 1861இல் நூலாக வந்தன. பொருள் ஒரு மெழுகுவத்தி, அவ்வளவுதான். மெழுகு எப்படி உருகித் திரியில் ஏறுகிறது என்று தொடங்குகிறார். சுடரின் ஒளிக்கு என்ன காரணம் என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது. எரியும்போது தண்ணீர் உண்டாகிறது என்று காட்டியதும் ஹைட்ரஜனைப் பற்றிப் பேச வேண்டியதாகிறது. பிறகு ஆக்சிஜன், காற்று, கரியமில வாயு. கடைசி உரையில் நம்முடைய மூச்சும் ஒருவகை எரிதலே என்று வந்து நிற்கிறார். வேதியியலின் பாடத்திட்டம் எங்கும் தலைநீட்டுவதில்லை. முந்தைய விடை கிளப்பிய கேள்விதான் அடுத்த பத்தி. விளக்கி எழுத விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

பருந்தின் வீழ்வு இதற்கு நேர் எதிர். வட்டமிடுவது எல்லாம் எழுதுமுன்பே முடிந்துவிட்டது. முதல் வரியிலேயே இரையின் மேல் பாய்ச்சல். பிரான்சிஸ் பேக்கன் 1597இல் வெறும் பத்துக் கட்டுரைகளோடு ஒரு சிறு நூலை வெளியிட்டார். 1625ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 58 ஆயின. கல்வியைப் பற்றிய அவருடைய கட்டுரையில் முன்னுரை என்று எதுவும் கிடையாது. கல்வியின் பயன் மூன்று என்று முதல் வாக்கியமே அறுதியிட்டுவிடுகிறது: இன்பம், அணி, ஆற்றல். அடுத்த வாக்கியம் அந்த மூன்றையும் அதே வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே உதவும் என்று சொல்கிறது. நன்னூல் கூறும் உத்திகளில் ‘தொகுத்துச் சுட்டல்’, ‘வகுத்துக் காட்டல்’ என்று இரண்டு உண்டு. அவற்றுக்கு எடுத்துக்காட்டாகவே எழுதியதுபோல் இருக்கிறது. இந்த வகையில் ஒரு வரி கூடினாலும் வேகம் கெட்டுவிடும். ஆகவே இது குறுங்கட்டுரைக்கே பொருந்தும். பத்துப் பக்கம் இப்படி எழுதினால் வாசகருக்கு மூச்சு முட்டும்.

தவளைப் பாய்த்து நான்கிலும் துணிச்சலானது. கெடுவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ளதும் அதுவே. பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் தம் கட்டுரைகளின் முதல் இரண்டு தொகுதிகளை 1580இலும் மூன்றாவதை 1588இலும் வெளியிட்டார். மூன்றாம் தொகுதியில் வண்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. தமக்கு வண்டியில் போவது ஒத்துக்கொள்வதில்லை என்று பேசிக்கொண்டிருப்பவர், விசித்திரமான தேர்களில் பவனி வந்த ரோமானியர்களிடம் தாவுகிறார். அங்கிருந்து அரசர்களின் ஆடம்பரச் செலவுக்கு. அங்கிருந்து ரோமாபுரியின் காட்சிக் களங்களுக்கு. திடீரென்று, புதிதாகக் கண்டறிந்த அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர்கள் செய்த கொடுமைகளுக்கு. தலைப்பை மறந்துவிட்டார் என்று நாம் முடிவுகட்டும் நேரத்தில் பெருவின் கடைசி அரசன் வருகிறான். அவன் நாட்டில் வண்டி கிடையாது; ஆட்கள் தோளில் சுமக்கும் பொன் பல்லக்குதான். போர்க்களத்தில் சுமப்பவர்கள் வெட்டுண்டு விழ விழ வேறு ஆட்கள் வந்து தோள் கொடுக்கிறார்கள். கடைசியில் ஸ்பானியர்கள் அவனையே கீழே இழுத்துத் தள்ளுகிறார்கள். கட்டுரை அங்கே முடிகிறது. மேற்பார்வைக்குத் தொடர்பற்றவை எல்லாம், அதிகாரம் எதன் மேல் ஏறிப் போகிறது என்ற ஒரே கேள்வியின் படிகள் என்பது அப்போது புலப்படுகிறது.

தமிழில் இந்தப் பாய்ச்சல் தொ. பரமசிவனிடம் இயல்பாக இருந்தது. 1997இல் வெளிவந்த ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் பல்லாங்குழியை எழுதுகிறார். குழிகளையும் காய்களையும் சொல்லிக்கொண்டே வந்தவர், சமமாகத் தொடங்கும் ஆட்டத்தில் ஒருவர் சேர்க்க மற்றவர் இழப்பதைக் காட்டி, தனிச்சொத்து தோன்றிய கதைக்குப் போய்விடுகிறார். நடுவில் பாலம் ஏதும் கட்டவில்லை. அடுத்த கரையில் தரை உறுதியாக இருந்ததால் தாண்ட முடிந்தது. இவரைப் பார்த்துத் தாவுகிறவர்கள் பலர் நீரில் விழுவதற்குக் காரணம், தாவும் கலை தெரியாதது அன்று. போய் நிற்க அக்கரையில் செய்தி இல்லாததே.

அரிமா நோக்கம் வாதக் கட்டுரைக்கு உரியது. சிங்கம் நடக்கும்போது முன்னும் பின்னும் பார்க்குமாம். அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாட்டை நடத்த இருந்தவர்கள் பின்வாங்கியதால் தாமே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரை இதற்கு நிகரற்ற உதாரணம். தம் முடிவை அவர் முதலில் வைக்கவில்லை. அரசியல் விடுதலையே முதல் வேலை என்பவர்களுக்கு விடை சொல்கிறார். பொருளாதார மாற்றம் வந்தால் போதும் என்ற சோஷலிஸ்டுகளுக்கு விடை சொல்கிறார். சாதி என்பது வேலைப் பிரிவினை என்று வாதிடுபவர்களிடம், அது வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று காட்டுகிறார். இரத்தத் தூய்மை என்ற வாதத்தையும் விடவில்லை. ஒவ்வோர் அடியிலும் எதிர்த்தரப்பைத் திரும்பிப் பார்த்து, அதன் வலுவான வாதத்தை எடுத்து நிறுத்தி, முடித்த பிறகே முன்னே நடக்கிறார். சமபந்தி போதாது, கலப்பு மணமும் தனியே போதாது, சாத்திரங்களின் புனிதத்தின் மேலுள்ள நம்பிக்கை தகர வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வரும்போது, தப்பிச் செல்லும் வழிகள் அனைத்தும் அடைபட்டிருக்கின்றன. இதே முடிவை முதல் பக்கத்தில் வைத்திருந்தால் அது வெறும் முழக்கமாக நின்றிருக்கும். நம் பழைய உரையாசிரியர்கள் வினாவும் விடையுமாக உரையைக் கொண்டுசென்றதும் இதே நோக்கில்தான்.

வரிசையின் தரத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கட்டுரையின் நடுவிலிருந்து இரண்டு பத்திகளை மனத்துக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அங்கே இருப்பது குவியல். எங்கோ உதைக்கிறது என்றால் அங்கே ஒரு மனம் வேலை செய்திருக்கிறது. ஃபாரடேயிடமும் அம்பேத்கரிடமும் எதையும் நகர்த்த முடியாது. மொந்தேய்னிடம் நகர்த்தலாம் போலத் தோன்றும். பல்லக்குக் காட்சியை முன்னே கொண்டுவந்தால் கட்டுரையே சரிந்துவிடும்.

அழகுகளைப் போலவே குற்றங்களையும் நன்னூல் பத்தாக எண்ணுகிறது. அவற்றில் இரண்டு வரிசை தவறுவதால் வருபவை. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது ‘மற்றொன்று விரித்தல்’. வீறுடன் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து மடிவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. இன்றைய பத்திரிகைக் கட்டுரைகள் பலவற்றைக் கெடுப்பது இந்த இரண்டாவது குற்றம்தான். நல்லதை எல்லாம் முதல் இரண்டு பத்தியில் கொட்டிவிட்டு, மீதியைப் பொதுவான அறிவுரைகளால் நிரப்பி, ‘சிந்திப்போம், செயல்படுவோம்’ என்று முடிக்கிறார்கள்.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னுரை, பொருளுரை, முடிவுரையைச் சொல்லிக்கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ ஒரே பொருளை நான்கு வரிசைகளில் எழுதிவரச் சொல்லிப் பாருங்கள். எந்த வரிசை அந்தப் பொருளுக்குப் பொருந்துகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நன்னூல் பொதுப்பாயிரத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததைவிட அதனால் விளையும் பயன் பெரிது.