நகமும் கடைசலும்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் பல்லேபொலப் பக்கம் உள்ள ஹபுவிட, அரக்கு வேலைக்குப் பேர்போன கிராமம். தமிழ்நாட்டில், தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரமும் அந்த வேலைக்குப் பேர்போனதுதான். மரமும் சாயம் கலந்த அரக்கும் இரண்டு ஊருக்கும் பொது. செய்முறைதான் வேறு.

அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை. சுழலும் மரத்தை உளியால் கடைந்து உருவாக்கியதும், அந்தச் சுழற்சியிலேயே அரக்குக் கட்டியை அழுத்திப் பிடிப்பார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். அம்மி, உரல், திருகை, பானை என்று ஒரு சமையலறையே சொப்பாகி ஓலைப்பெட்டிக்குள் அடங்கும். ஒரு காலத்தில் கையால் சுழற்றிய பட்டறையை இன்று மோட்டார் சுழற்றுகிறது. எவ்வளவு அழுத்துவது, எப்போது எடுப்பது என்பது மட்டும் இன்னும் விரலுக்கே தெரியும்.

ஹபுவிடவின் தனிச்சிறப்பு 'நியபொத்து' எனும் நக வேலை. அரக்கைத் தணலில் வாட்டி நூலாக இழுத்துக்கொள்வார்கள். மரத்தையும் சூடாக்கி, அதன்மேல் அந்த நூலை வளைத்து வைத்து, பெருவிரல் நகத்தால் அழுத்தித் துண்டிப்பார்கள். இதற்கென்றே நகம் வளர்ப்பதுண்டு. மரம் ஆறிவிட்டால் நூல் ஒட்டாது. சூடு மிஞ்சினால் கோடு இளகிப் பரவும். கைத்தடி, விசிறிப் பிடி, பெரஹரா ஊர்வலத்தில் ஏந்தும் சேசத் எனும் வட்டக் குடையின் காம்பு ஆகியவற்றில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கொடி ஓடுவது இப்படித்தான்.

இலங்கையிலும் கடைசல் அரக்கு வேலை உண்டு. கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி இரு வகையையும் தம் 1908 நூலில் பதிந்தார். அந்த நூலே கைவேலைதான்: வில்லியம் மோரிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக் கையச்சுப் பொறியில் 425 பிரதிகள் அச்சானது.

இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்த்தால், இயந்திரம் நுழைந்தாலே கைவினை கெட்டது என்பது அம்பாசமுத்திரத்துக்குப் பொருந்தாது. அங்கே மோட்டார் தோள்வலியைத்தான் வாங்கிக்கொண்டது. ஹபுவிடவின் நக வேலையிலோ மோட்டாரிடம் ஒப்படைக்க எதுவுமில்லை; நகம் போகும் வேகமே வேலையின் வேகம். சொப்பு எண்ணிக்கையில் விற்றுப் பிழைக்கலாம். நக வேலைக்கு அந்த வழி இல்லை. செலவான நாளுக்குக் கூலி கிடைத்தால்தான் அடுத்த தலைமுறை தணல் முன் உட்காரும். இரண்டையும் 'கைவினைப் பொருள்' என்று ஒரே தட்டில் அடுக்கிப் பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது ஹபுவிடதான்.