அம்புக்குறி மட்டும் பிளான் ஆகாது

ஐபிஎம் எம்க்யூ சிஸ்டங்களோட டிசைன் டாக்குமென்ட்டைத் திறந்தா பெரும்பாலும் ஒரே படம்தான். இரண்டு பெட்டி, நடுவில் ஒரு அம்புக்குறி. பெட்டி க்யூ மேனேஜர், அம்புக்குறி சேனல். என் விமர்சனம் அந்த அம்புக்குறி மேலதான். மெசேஜ் எந்த வழியா போகும்னு அது சொல்லுது. வழி அடைபட்டா எங்கே நிற்கும்னு சொல்லலை.

அப்ளிகேஷன் மெசேஜை நேரா அடுத்த மெஷினுக்கு அனுப்புவதில்லை. தன் பக்கத்து க்யூ மேனேஜரிடம் கொடுக்கும். அது டிரான்ஸ்மிஷன் க்யூ என்ற உள்ளூர் க்யூவில் போட்டு வைக்கும். சேனல் அதிலிருந்து எடுத்து அந்தப் பக்கம் சேர்க்கும். நெட்வொர்க் அறுந்தால், டீஃபால்ட்படி சேனல் 60 விநாடிக்கு ஒருமுறை 10 தடவை முயலும், பிறகு 20 நிமிடத்துக்கு ஒருமுறைதான். க்யூவின் டீஃபால்ட் கொள்ளளவு 5000 மெசேஜ். விநாடிக்கு 10 மெசேஜ் வந்தால் 500 விநாடியில் நிரம்பிவிடும். முதல் 10 முயற்சியே அதற்குள் முடிந்திருக்காது. அப்புறம் அப்ளிகேஷனுக்குக் கிடைப்பது 2053, 'க்யூ நிரம்பிவிட்டது' என்ற எரர். அதை எப்படிச் சமாளிக்கணும்னு கோடு எழுதியவரிடம் யாராவது சொன்னாங்களா?

எங்க ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு போடுறவங்களுக்கு இது புதுசில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை நின்னா வண்டிகள் யார்டுல நிற்கும், யார்டு நிரம்பினா ரோட்டுல. அதனாலதான் கட்டிங் ஆர்டர்னு ஒண்ணு இருக்கு. வரத்தை வயல்லயே அளவு பண்ணிடுறாங்க. நம்ம டிசைன்கள்ல அந்தக் கட்டிங் ஆர்டர் இல்லை.

மறுமுனையிலும் இதே கதைதான். போய்ச்சேர வேண்டிய க்யூ நிரம்பியிருந்தால், சில தடவை முயன்றபின் மெசேஜ் டெட் லெட்டர் க்யூவுக்குப் போகும். அது தானாக அமைந்திருக்காது, நாம்தான் அமைக்கணும். அமைக்காவிட்டால் பெர்சிஸ்டென்ட் மெசேஜ் ஒன்று சேனலையே நிறுத்திவிடும். பின்னால் வேறு க்யூவுக்குப் போகிறவையும் மாட்டிக்கொள்ளும். அமைத்தாலோ, ஒதுக்கப்பட்டதைத் தாண்டி பின்னால் வந்தவை முன்னே போய்விடும். வரிசை முக்கியமான இடத்தில் அதுவும் ஆபத்து. எது பரவாயில்லைங்கிறது பிசினஸ் முடிவு, டீஃபால்ட்டிடம் விடக்கூடாது.

நாள் முடிவில் போகும் பெரிய ஃபைலும் உடனே போகவேண்டிய சின்ன கன்ஃபர்மேஷனும் ஒரே சேனல்ல போறதையும் அடிக்கடி பார்க்கலாம். தனித்தனி டிரான்ஸ்மிஷன் க்யூ, தனித்தனி சேனல் வைக்க எம்க்யூ தடையே சொல்லலை.

குறை மென்பொருள்ல இல்லை. ஒவ்வொரு அம்புக்குறி பக்கத்திலும் விநாடிக்கு எத்தனை மெசேஜ், எத்தனை மணி நேர அறுப்பைத் தாங்கும், நிரம்பினால் யார் காத்திருப்பார்னு எழுதுங்க. எழுத முடியலைன்னா அது இன்னும் பிளான் ஆகலை.