பனிமலையும் மனிதனும்

மத்திகிரியின் மார்கழிப் பனியில் மாடு ஓட்டிச் செல்வோரைக் கண்டு பழகிய கண்களோடு, பெங்களூர் கர்நாடக சித்திரகலா பரிஷத்தில் நிக்கோலஸ் ரோரிக்கின் இமய ஓவியங்களைப் பார்த்தேன். ருஷ்ய நாட்டினரான அவர், 1928இல் குலுப் பள்ளத்தாக்கில் குடியேறி, 1947இல் அங்கேயே மறைந்தவர்.

டெம்பரா வண்ணத்தில் நீலமும் ஊதாவுமாய்ச் சிகரங்கள் ஒளிர்கின்றன. மனிதன் தென்பட்டாலும், பெரும்பாலும் மலையடியில் ஒரு புள்ளியே. அரபியில் ‘ஹைபத்’ என்பது பெருமை கண்டு எழும் அச்சம். ‘உன்ஸ்’ என்பது நெருக்கத்தின் இதம். முன்னது இவ்வோவியங்களில் நிறைந்திருக்கிறது. பின்னது அரிதாகவே தோன்றுகிறது.

மலைமுன் மனிதன் தன் சிறுமையை உணர்வது நன்றே. ஆயினும், அக்குளிரில் விரல் விறைக்க மந்தையைக் காப்பவனும் அவனல்லவா? சிகரத்தை இத்துணை அருகில் கொணர்ந்த தூரிகை, இடையனையும் சற்றே அருகழைத்திருக்கலாம்.